வரைந்த யன்னல்கள்

தம்பி,

நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஏழு வருடம் படித்தும், நீளமான வாக்கியம் வந்தால் நடுவில் நின்று மூச்சு வாங்குவாய். அது தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். இது வேகமாக வாசித்து முடிக்க வேண்டிய கடிதம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை நீயும் கவிதாவும் பிள்ளையும் எஸ்பியர்க்கிலிருந்து இங்கே ஹோர்சன்ஸுக்குச் சாப்பிட வருகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னார். அதற்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே தாளில் எழுதிப் படம் பிடித்து அம்மாவின் போனிலிருந்து அனுப்பப்போகிறேன். எழுத்து தெளிவில்லாமல் இருந்தால் பெரிதாக்கிப் பார்.

நீ எனக்கு இன்னும் சொல்லாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ செப்டெம்பரில் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாய். அம்மாவைக் கோபிக்காதே. நீ கேட்டுக்கொண்டபடி அவர் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. நீ வாங்கித் தந்த கப்பல் பயணத்தின் ஐந்தாம் நாள், இத்தாலியில் ஒரு கடற்கரைப் பட்டினத்தில்தான் சொன்னார். நாங்கள் திரும்பி வந்த அன்று நீ போனில் "பயணம் எப்படி?" என்று கேட்டாய். "எட்டு நாள், ஐந்து துறைமுகம், சாப்பாடு பரவாயில்லை" என்றேன். "சரி அப்பா" என்றாய். அவ்வளவுதான் நம் பேச்சு. அந்த ஐந்தாம் நாளைச் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ என் முன்னால் வந்து உட்கார்வதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீ போகப்போகும் செய்தியையும் ஒரு வரியில் சொல்வாய், நானும் ஒரு வரியில் கேட்டுக்கொள்வேன், நீ போய்விடுவாய்.

அந்தப் பட்டினத்தின் பெயர் சாந்தா மார்கெரித்தா. கப்பல் கரைவரை போகாது. வளைகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும். சின்னப் படகுகளில் நம்மை ஏற்றிக் கரையில் இறக்குவார்கள். காலை ஒன்பதரைக்கு முதல் படகு, மாலை நான்கரைக்குக் கடைசிப் படகு. என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. அதில் அந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றை நேரத்தோடு எழுதி வைத்திருந்தேன். பத்து மணிக்குத் தேவாலயம், பதினொன்றுக்கு மலைமேல் உள்ள மாளிகை, பன்னிரண்டே காலுக்குத் துறைமுகத்து மீன்கடைகள், ஒன்றரைக்குக் கடலோரத்துச் சின்னக் கோட்டை. படகில் எங்களுக்கு எதிரே, எங்கள் பக்கத்து ஊரான வைலேயிலிருந்து வந்த ஒரு வயதான டேனிஷ் தம்பதி இருந்தார்கள். "இன்று என்ன பார்க்கப்போகிறீர்கள்?" என்று அந்த மனிதர் கேட்க, நான் கொப்பியை விரித்து வாசித்தேன். நான் முடித்ததும் அம்மா அவர்களிடம் டேனிஷில், "இவர் பார்ப்பார், நான் உட்காருவேன்" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவரின் டேனிஷ் என்னுடையதைவிடப் பல மடங்கு நல்லது என்பதை அப்படியான இடங்களில்தான் நான் நினைவுகூர்வேன்.

அம்மா சொன்னதைச் செய்தார். கரையில் இறங்கி, பனைகள் நிற்கும் பாதையில் இருநூறு அடி நடந்து, கூழாங்கல் கடற்கரைக்கு எதிரே ஒரு சின்னக் காப்பிக் கடையைப் பார்த்ததும் வெளியே போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, நான் இதிலைதான் இருக்கப்போறன். நீங்கள் போட்டு வாங்கோ."

"பன்னிரண்டு மணிக்குத் தேவாலயத்தைப் பூட்டிப்போடுவாங்கள். எழும்பும்."

"பூட்டட்டும். அந்தோனியார் என்னோடை கோவிக்க மாட்டார்."

"அது அந்தோனியார் கோயில் இல்லை. மார்கெரித்தா எண்டு ஒரு பெண் புனிதர்."

"அப்ப இன்னும் நல்லது. கால் உளையிறது அவவுக்கு விளங்கும்."

நான் தனியாகப் போனேன். தேவாலயத்தின் உள்ளே தங்க வேலைப்பாடு நிறைய இருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தேன். வெளியே வந்தபோது மலை மாளிகைக்குப் போகும் படிகள் எனக்கு முன்னால் இருந்தன. அவற்றில் ஏறாமல் நின்றேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது யோசித்தால், அங்கே போய்ப் பார்த்ததை யாரிடம் சொல்வது என்ற கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரும் இல்லை.

எங்கள் வீட்டு விடுமுறைகள் உனக்கு மறந்திருக்காது. ஐரோப்பா என்றால் எங்களுக்கு உறவினர் வீட்டு வரவேற்பறைகள்தான். பாரிஸ் என்றால் சித்தி வீடு. லண்டன் என்றால் பெரியப்பா வீடு. ஜெர்மனி என்றால் என் அக்கா, உன் மாமி வீடு. ஈஃபிள் கோபுரத்தை நீ காருக்குள் இருந்து ஒரு தடவை பார்த்தாய். பதினொரு மணிக்கு ஒரு சொந்தக்காரப் பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கு இருந்ததால் நிறுத்த நேரமில்லை. எந்த ஊரைச் சொன்னாலும் நான் முதலில் கேட்டது, "அங்கை ஆர் இருக்கினம்?" என்பதுதான். ஆள் இல்லாத ஊருக்கு ஏன் போவது? ஊரிழந்து வந்த நாங்கள் மிச்சமிருந்த சொந்தங்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தோம். அது பிழை என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சொந்தக்காரர் வீட்டில் நீ எப்போதும் யாரோ ஒருவரின் பிள்ளை. எழுந்து இடம் விட வேண்டும், இன்னொரு தட்டு சோறு சாப்பிட வேண்டும், எத்தனையாம் வகுப்பு என்று ஒன்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். யாரும் இல்லாத ஒரு கரையில், அப்பாவும் அம்மாவும் நீயும் மட்டும் இருக்கும் ஒரு நாளை நான் உனக்கு ஒருபோதும் தரவில்லை. அறுபத்தெட்டு வயதில்தான் அப்படி ஒரு ஊரில் நானும் முதல் முறையாகக் கால் வைத்தேன். அதுவும் நீ வாங்கித் தந்த சீட்டில்.

திரும்பி வந்தபோது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். மேசையில் அவருடைய கைப்பையைக் கடைக்காரப் பெண் காவல் காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கும் அம்மாவின் வயதுதான் இருக்கும். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் நான் போன நாற்பது நிமிடத்தில் அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் ஜெனோவாவில், இளையவளுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, அவருக்கும் முழங்கால் வலி, எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எண்ணெய் பூசிய தட்டை ரொட்டி ஒன்று வந்தது. அம்மா பையிலிருந்து, ஹோர்சன்ஸிலிருந்து கொண்டுவந்த, செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்த தூள் போத்தலை எடுத்தார். அதை அதுவரை நான்கு நாளும் கப்பல் சாப்பாட்டு மண்டபத்தில் நான் வெட்கப்பட்டு மேசைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தேன். அம்மா ரொட்டியில் தூவுவதைப் பார்த்த கடைக்காரப் பெண் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, நெஞ்சில் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே போய் எலுமிச்சை ஐஸ் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பாவம், அவவுக்கு உறைச்சுப்போட்டுது" என்றார் அம்மா. "ஆனால் இன்னும் ஒருக்காக் கேட்டவ, கண்டியளோ?"

நான் சிரித்தேன். கொப்பியில் மலை மாளிகையை வெட்டினேன். அதன்பின் மீன்கடையையும் வெட்டினேன். இதில் எனக்கே ஆச்சரியம். நேரம் பார்க்காமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். பதினொரு தடவை பார்த்தேன். எண்ணியவர் அம்மா.

சும்மா இருக்கும்போது கண் எதையாவது தேடும். என் கண் எதிரே இருந்த கட்டடங்களில் போய் நின்றது. நான்கைந்து மாடி வீடுகள், மஞ்சள், காவி, வெளிறிய சிவப்பு. எல்லாவற்றிலும் பச்சைக் கதவு போட்ட யன்னல்கள் வரிசையாக. ஒரு யன்னலில் பாதித் திறந்த கதவு, அதன் நிழல், கீழே கல்லில் செதுக்கிய அலங்காரம். நீண்ட நேரம் பார்த்த பிறகுதான் அந்த நிழல் நகரவே இல்லை என்பதைக் கவனித்தேன். சூரியன் நகர்ந்திருந்தது. எழுந்து தெருவைக் கடந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். யன்னல் இல்லை. சுவரில் வரைந்திருந்தார்கள். கல் அலங்காரமும் வரைந்ததுதான். கதவு, கொளுக்கி, கொளுக்கியின் துருகூட வர்ணம். அந்த வீட்டில் பத்தொன்பது யன்னலில் ஏழு பொய். பக்கத்து வீட்டில் ஐந்து. திரும்பி வந்து அம்மாவிடம் எண்ணிக்கையைச் சொன்னேன்.

"சனத்தை ஏமாத்துற வேலை" என்றேன். "யன்னல் இல்லாத இடத்திலை யன்னலைக் கீறி வைச்சிருக்கிறாங்கள்."

"வடிவாத்தானே கிடக்கு."

"வடிவு வேறை, உண்மை வேறை."

அம்மா ஐஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார். "ஆரை ஏமாத்தினவை? அந்தச் சுவரிலை ஒரு யன்னல் இருந்திருக்கலாம் எண்டு ஆருக்கோ ஆசை. கீறினவை. எங்கட பெடியனும் ஒரு யன்னல் கீறினவன். நீங்கள் அதைச் சுரண்டிப்போட்டியள்."

எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. உடனே தெரிந்துவிட்டது. இருபத்து நான்கு வருடமாக நாங்கள் இருவரும் பேசாத விஷயம், இவ்வளவு கிட்ட இருந்திருக்கிறது.

உனக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறை முடிந்து பெற்றோர் சந்திப்புக்குப் பள்ளிக்கு வந்தோம். உன் ஆசிரியை இளம் பெண், அன்பானவர். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "இத்தாலி எவ்வளவு அழகாக இருந்திருக்கும்!" என்றார். நாங்கள் இத்தாலிக்குப் போகவில்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் குழம்பியது. உன் கட்டுரையை எடுத்தார். தலைப்பு, என் கோடை விடுமுறை. கடலோரத்தில் ஒரு பட்டினம், கல்லுக் கடற்கரை, அப்பா உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். உன் வகுப்பில் பாதிப் பேர் அந்த மாதிரிக் கரைகளுக்குப் போய் வந்து கதைத்திருப்பார்கள். நீ அவற்றைச் சேர்த்து ஒரு பட்டினம் கட்டியிருந்தாய். அதில் ஒரு வரி இருந்தது. "நாள் முழுவதும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, அப்பா எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை." ஆசிரியை அந்த வரியைத்தான் சத்தமாக வாசித்தார். அது தனக்கு மிகப் பிடித்தது என்றார்.

நான் உன் பக்கம் திரும்பி, "ஆசிரியைக்கு நடந்ததைச் சொல்" என்றேன். நீ கீழே பார்த்தாய். மறுபடி சொன்னேன். நீ எழுந்து நின்று டேனிஷில், "நாங்கள் போகவில்லை. நான் பொய் எழுதினேன்" என்றாய். அவர் பதறிப்போய், "பரவாயில்லை, இது நல்ல கற்பனை" என்றார். "கற்பனை என்றால் கதை என்று தலைப்புப் போட்டிருக்க வேண்டும்" என்றேன் நான். திருத்தி எழுதித் தரச் செய்தேன். வீட்டுக்கு வந்து அன்றே எழுதினாய். மூன்று வரி. "நாங்கள் ஜெர்மனியில் மாமி வீட்டுக்குப் போனோம். மழை பெய்தது. திரும்பி வந்தோம்." எல்லாம் சரி. பிழை ஒன்றுமில்லை. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், தம்பி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. யார், எங்கே, என்ன நடந்தது, எல்லாம் இருக்கிற நல்ல செய்தி என்று நினைத்தேன்.

அந்த ஜெர்மனிப் பயணத்தில் என்ன நடந்தது என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். இரண்டு அறை வீட்டில் பத்து நாள் பதினொரு பேர். நீ வீட்டுக்குள் நடைவழியில் மெத்தை போட்டுப் படுத்தாய். உன்னை அங்கே விட்டுவிட்டு நான் ஐந்து நாள் ஒரு கோவில் தேர்த் திருவிழாவைப் பத்திரிகைக்கு எழுதப் போனேன். இங்கே வருடம் முழுவதும் பகலில் இறைச்சித் தொழிற்சாலை, மிச்ச நேரத்தில் லண்டன் தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி. விடுமுறையில்தான் முழு நேரச் செய்தியாளனாக இருக்க முடியும் என்பது என் கணக்கு. அந்தப் பத்து நாளில் நான் உன்னோடு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஒரு முழுப் பகல்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. நீ எழுதியது இத்தாலியைப் பற்றி அல்ல. அதை ஒரு செய்தியாளன் அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

நான் ஏன் அப்படி இருந்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகச் சொல்லும் காரணம் அல்ல. யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பஸ் விபத்தில் இறந்தவர்களின் பெயரை நான் விசாரித்து எழுதினேன். ஒரே பெயரில் அந்தப் பகுதியில் இரண்டு இளைஞர்கள். நான் தகப்பன் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். உயிரோடு இருந்த ஒருவனின் வீட்டில் அரை நாள் ஒப்பாரி வைத்தார்கள். மத்தியானம் அவன் சைக்கிளில் வந்து இறங்கினான். அடுத்த நாள் அவனுடைய தகப்பன் அலுவலகத்துக்கு வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். என் மேசைக்கு முன்னால் நின்று, "தம்பி, இனி ஒருக்கா விசாரிச்சுப்போட்டு எழுதும்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். அந்த நாளிலிருந்து விசாரிக்காத ஒரு சொல்லை நான் எழுதியதில்லை. பத்திரிகைக்கு அது சரி. அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு சின்னப் பிள்ளைமேல் போட்டதுதான் பிழை.

கடற்கரைக்கு வருகிறேன். அந்தக் கட்டுரையை நினைவூட்டிய அம்மா ஐஸ் கிண்ணத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு அவர், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல, "தம்பி அவுஸ்திரேலியாவுக்குப் போறான். குடும்பத்தோடை" என்றார்.

"எப்ப? எந்தக் கொம்பனி? எத்தினை வருசத்துக்கு? இஞ்சை வீட்டை விக்கிறானோ?"

"பாத்தியளோ. இதுக்குத்தான் அவன் உங்களிட்டைச் சொல்லேல்லை."

"உமக்கு எப்ப தெரியும்?"

"மார்கழியிலை சொன்னவன்."

"ஆறு மாசமா எனக்கு ஒளிச்சனீரோ?"

"நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. தம்பி சுகமோ எண்டு கேட்டியள், ஓம் எண்டன். கார் திருத்தியாச்சோ எண்டு கேட்டியள், ஓம் எண்டன். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான் உண்மைதான் சொன்னனான்."

நாற்பது வருடம் கேள்வி கேட்டு வாழ்ந்தவனுக்கு, தன் மகனைப் பற்றிக் கேட்கத் தெரிந்தது சுகமும் காரும்தான்.

"என்னிலை அவ்வளவு கோவமோ அவனுக்கு?" என்று கேட்டேன்.

"கோவமில்லையப்பா. கோவமெண்டால் கப்பல் சீட்டு வாங்கித் தருவானோ? பயம். உங்களிட்டை ஒண்டைச் சொன்னால் அது அவன்ரை கையை விட்டுப் போயிடும். நீங்கள் அதை எடுத்து, பிரிச்சுப் பாத்து, இதிலை இது பிழை எண்டு திருப்பிக் குடுப்பியள். தனக்கே இன்னும் வடிவாத் தெரியாத ஒரு விசயத்தை அவன் எப்பிடி உங்களிட்டைக் கொண்டு வாறது?" அம்மா இன்னொன்றையும் சொன்னார். "போன மாசம் பேத்தி போனிலை, தன்ரை கட்டிலுக்குக் கீழை ஒரு நரி இருக்கு, அது தன்னோடை கதைக்கும் எண்டவள். நீங்கள் என்ன சொன்னியள்?"

நான் சொன்னது நினைவிருந்தது. "குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லு பிள்ளை, நரி இருக்காது" என்றேன். அவள் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "இல்லை அப்பப்பா" என்றாள். நீ அவளிடமிருந்து போனை வாங்கினாய். "பிறகு எடுக்கிறேன்" என்றாய். அப்போது உன் குரலில் இருந்தது அவசரம் என்று நினைத்தேன். நான்கு வயதுப் பிள்ளையிடமிருந்து நான் என்னத்தை எடுத்தேன் என்பது, அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உன்னிடமிருந்து எடுத்த அதே பொருள்.

உன்னைப் பற்றிக் கேட்க எனக்குப் பதினெட்டுக் கேள்வி இருந்தது. அவற்றை அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். ஐஸ் முழுவதும் தண்ணீராகிவிட்டிருந்தது. நானும் செருப்பைக் கழற்றினேன். கூழாங்கல் காலில் குத்தியது. இடுப்புவரை போய் நீந்தினேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். கால்சட்டையை மடித்து முழங்கால்வரைதான் போனேன். தண்ணீர் எங்கள் ஹோர்சன்ஸ் கடலளவுக்குக் குளிர் இல்லை. அங்கே நின்றுகொண்டு, பதினொரு வயதில் நீ எழுதிய அந்த வரியை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அன்று அது பொய்யாக இருந்தது. பகல் மூன்று மணிக்கு, நீ இல்லாத அந்தக் கரையில், அதில் பாதி உண்மையாகியிருந்தது. நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் படகுக்கு முந்திய படகில் ஏறினோம். வைலே தம்பதி எல்லா இடத்தையும் பார்த்துவிட்டுக் களைத்திருந்தார்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்று அந்த மனிதர் கேட்டார். ஒரு தேவாலயம், ஒரு காப்பிக் கடை என்றேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. நான் உன்னை அந்த ஆசிரியைக்கு முன்னால் எழுப்பி நிறுத்தியது பிழை. பொய்யனாக்கியது பிழை. மூன்று வரியில் நிறுத்தியது எல்லாவற்றிலும் பெரிய பிழை. அன்றிலிருந்து நீ என்னிடம் மூன்று வரிக்கு மேல் பேசியதில்லை. பல்கலைக்கழகம் கிடைத்தது, காற்றாலை நிறுவனத்தில் வேலை கிடைத்தது, கவிதாவைப் பிடித்திருக்கிறது, எல்லாம் மூன்று வரி. அது உன் சுபாவம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். "என்ரை மகன் அளந்துதான் கதைப்பான்." அளக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறேன். உடனே பதில் தர வேண்டாம். அவுஸ்திரேலியாவிலிருந்து தந்தாலும் சரி.

புத்தி சொல்லாமல் ஒரு தகப்பனால் கடிதம் எழுத முடியாது, ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள். போகிற இடத்தில் தமிழர்கள் இருப்பார்கள், நம் சொந்தமும் இரண்டு குடும்பம் இருக்கிறது. போய்ப் பார், தேவைக்கு நில், அவர்களை விட்டுவிடாதே. ஆனால் வருடத்தில் சில நாளாவது, ஒருவரையும் தெரியாத ஒரு கரைக்கு மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. ஒன்றும் செய்யாதே. வேலையைப் பையில் வைத்துக்கொண்டு போகாதே. என் பையில் அது எப்போதும் இருந்தது. அதைவிட முக்கியமானது, பிள்ளை சொல்வதைக் கேள். பள்ளியில் அவள் ஒரு நாள் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுவாள். அப்போது அவளிடம், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்காதே. அங்கே என்னவெல்லாம் இருந்தது என்று கேள். அவள் சொல்லச் சொல்ல, உன் வீட்டில் என்ன இல்லை என்பது உனக்குத் தெரியவரும். இதை நான் படித்தது எங்கேயும் அல்ல. செய்யாமல் விட்டுக் கற்றது.

ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா நண்டுக் குழம்பு வைக்கப்போகிறார். எனக்கு எல்லாம் தெரியும் என்பது இப்போது உனக்கும் தெரியும். ஆனாலும் நீயே ஒருமுறை எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்க விருப்பமோ அங்கே தொடங்கு. திகதியிலிருந்து தொடங்கத் தேவையில்லை. அங்கே வீடு எப்படி இருக்கும் என்று நீ மனதில் வைத்திருக்கிறாயோ அப்படிச் சொல். இன்னும் பார்க்காத வீடுதான், பரவாயில்லை. நான் நடுவில் கேள்வி கேட்க மாட்டேன். கேட்டால், "இஞ்சாருங்கோ" என்று சொல்வதற்கு அம்மா பக்கத்தில் இருப்பார். பேத்தியை என் பக்கத்தில் உட்கார வை. அவள் எதைச் சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன், கேட்கத் தெரியாவிட்டாலும் பழகிக்கொள்வேன். எங்களுக்கு இருக்கும் காலம் கொஞ்சம், உனக்கும் செப்டெம்பர்வரை அதிக நாள் இல்லை.

எங்களைப் பற்றி யோசித்து உன் பயணத்தைப் பாரமாக்கிக்கொள்ளாதே. எங்களுக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. மாலையில் குளத்தடிக்கு நடக்கிறோம், அம்மாவுக்கு அவருடைய பழைய வேலைத் தோழிகள் இருக்கிறார்கள், எனக்கு எழுதி முடிக்காத கட்டுரைகள் ஒரு பெட்டி இருக்கின்றன. இவை எல்லாம் உண்மை, யாரிடமும் விசாரித்துப் பார்க்கலாம். இவற்றோடு இன்னும் ஒன்றையும் எழுதி முடிக்கிறேன். நீ இவ்வளவு தூரம் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தக் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் நீ சரிபார்க்க வேண்டாம்.

அப்பா